ராக் இசையில் ஆகச் சிறந்த முதல் ஆல்பம் எது? என் வாக்கு பிளாக் சபாத்துக்கு

கருப்பு இசைத்தட்டு:
பத்து ஆல்பம் போட்ட குழுவில் எது சிறந்தது என்று பேசுவது எளிது. முதல் ஆல்பத்தின் கதை வேறு. பெயர் தெரியாத நான்கு பேர், கையில் காசில்லாமல், கிடைத்த நேரத்துக்குள் தங்களை முழுதாகக் காட்டியாக வேண்டும். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்த 'பிளாக் சபாத்' ஆல்பத்துக்கு மேலே எதையும் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கிட்டார் வாசித்த டோனி அயோமி பர்மிங்காமில் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் இருந்தவர், இடக்கைக்காரர். பதினேழு வயதில், அந்த வேலையின் கடைசி நாளன்று, வலக்கையின் நடுவிரல் நுனியையும் மோதிர விரல் நுனியையும் இயந்திரம் துண்டித்துவிட்டது. இடக்கைக்காரர் தந்தியை அழுத்துவது அந்தக் கையால்தான். இனி வாசிக்க முடியாது என்று உட்கார்ந்திருந்தவருக்கு, இரண்டே விரல்களால் தனி வாசிப்பு வாசித்த ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டியவர் அதே தொழிற்சாலையின் மேற்பார்வையாளர். அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்தார், மேலே தோலை ஒட்டினார், அழுத்த எளிதான மெல்லிய தந்திகளைப் பூட்டிக்கொண்டார். அந்தக் கையோடு, 1969 அக்டோபரில், லண்டனில் ஒரே நாளில் மொத்த ஆல்பத்தையும் குழுவோடு வாசித்து முடித்தார்.

முதல் பாட்டைப் போடுங்கள். மழை, தூரத்தில் ஒரு மணி, பிறகு இடி போலக் கிட்டார். மூன்றே சுரங்கள்: ச, மேல் ச, அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்தியமம். நமக்குக் கல்யாணியில் மங்களமாகக் கேட்கிற அதே சுரம்தான். பஞ்சமத்தின் துணையில்லாமல் தனியே தொங்கவிட்டதும் முதுகுத்தண்டு சில்லிடுகிறது. ஹெவி மெட்டல் என்ற ஒரு முழு உலகம் இந்த மூன்று சுரத்திலிருந்து கிளம்பியது. மறுப்பவர்கள் வரலாம்.

நள்ளிரவு வானொலி:
மறுக்கிறேன். அயோமியின் விரல் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கும் நெஞ்சு அடைக்கும். ஆனால் உங்கள் அளவுகோலையே எடுத்துக்கொள்கிறேன். 1970-ல் உரத்த கிட்டாருக்குச் சந்தை தயாராக இருந்தது. விமர்சகர்கள் திட்டினாலும் மக்கள் வாங்கினார்கள், பிரிட்டனில் எட்டாம் இடம் வரை போனது.

1967 மார்ச்சில் வந்த 'தி வெல்வெட் அண்டர்கிரவுண்ட் அண்ட் நிக்கோ' ஆல்பத்தை யார் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள்? முந்தைய ஆண்டே பதிவான பாடல்கள் வெளிவராமல் கிடந்தன. வந்த பிறகும் அன்று அமெரிக்கப் பட்டியலில் 171-ஐத் தாண்டவில்லை. முதல் ஐந்தாண்டில் முப்பதாயிரம் பிரதிதான் போனது என்று அந்தக் குழுவின் பாடகர் லூ ரீட் தன்னிடம் சொன்னதாகவும், வாங்கிய ஒவ்வொருவரும் ஒரு குழு தொடங்கியிருப்பார்கள் என்றும் 1982-ல் இசைத் தயாரிப்பாளர் பிரையன் ஈனோ ஒரு பேட்டியில் சொன்னார். எண்ணிக்கை முன்னே பின்னே இருக்கலாம். அந்த ஆல்பத்தைக் கேட்டு யார் யார் கிட்டாரைத் தூக்கினார்கள் என்று பார்த்தால் அவர் சொன்னது புரியும்.

ஒரே ஒரு இடத்தைச் சொல்கிறேன். 'ஹெராயின்' என்ற பாட்டு. மோரீன் டக்கர் நின்றுகொண்டு டிரம்ஸ் வாசிப்பவர். பெரிய டிரம்மைப் படுக்கப் போட்டு, குச்சிக்குப் பதிலாகப் பஞ்சுத் தலை வைத்த கோலால் அடிப்பார். ஜான் கேலின் வயோலா தம்பூரா மாதிரி ஒரே சுரத்தில் நிற்கிறது, பிறகு கிறீச்சிடத் தொடங்குகிறது. ஐந்தாம் நிமிடத்தைத் தாண்டியதும் டிரம்ஸ் சட்டென்று நின்றுவிடும். அந்த இரைச்சலில் மற்றவர்கள் வாசிப்பது காதில் விழாததால் டக்கர் நிறுத்திவிட்டார். யாரும் பாட்டை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் மறுபடி சேர்ந்துகொள்கிறார். அந்த வாசிப்பையே ஆல்பத்தில் வைத்தார்கள். போதையில் நாடித் துடிப்பு தவறுவதை எந்தக் கவிஞனும் அதைவிடச் சரியாக எழுதிவிட முடியாது.

ஆறாம் தந்தி:
இரண்டு பேரும் லெட் செப்பெலினைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள். 1969 ஜனவரி. ஒப்பந்தம் கையில் இல்லாத நிலையில் அதன் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் சொந்தப் பணத்தைப் போட்டு, சுமார் 36 மணி நேர ஸ்டூடியோ வேலையில், 1,782 பவுண்டு செலவில் முடித்தது.

நான் கிட்டார் வாசிப்பவன், ஒலிப்பதிவையும் கொஞ்சம் பழகியவன். ஜான் பானமின் டிரம்ஸ் அந்த ஆல்பத்தில் ஏன் அவ்வளவு பெரிதாகக் கேட்கிறது தெரியுமா? பேஜ் மைக்கை டிரம்மின் முகத்தில் ஒட்டி வைக்காமல் தள்ளியும் வைத்தார். டிரம்மோடு சேர்த்து அந்த அறையும் பதிவாகிறது. 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்' தொடக்கத்தில் பானமின் வலக்கால் என்ன செய்கிறது என்று மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரே காலால், ஒரே மிதிக்கட்டையில். 'பிளாக் மவுண்டன் சைட்' பாட்டில் விராம் ஜஸானியின் தபேலா வேறு. ஒரே ஆல்பத்துக்குள் புளூஸ், நாட்டுப்புறம், இடி எல்லாம் இருக்கிறது. பிளாக் சபாத் நடந்து வந்த பாதையை வெட்டியது இதுதான்.

கருப்பு இசைத்தட்டு:
ஒலியைப் பற்றி நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. பாடல்கள் யாருடையவை?

'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' பாட்டை எழுதியவர் ஜேக் ஹோம்ஸ். 1967-ல் நியூயார்க்கில் யார்ட்பேர்ட்ஸ் குழுவுக்கு முன்னால் மேடையேறி அவர் அதைப் பாடினார். அந்தக் குழுவில் கிட்டார் வாசித்தவர் பேஜ். ஒன்றரை ஆண்டு கழித்து செப்பெலின் ஆல்பத்தில் எழுதியவர் என்ற இடத்தில் பேஜின் பெயர் மட்டும் இருந்தது. 2010-ல் ஹோம்ஸ் வழக்குத் தொடுத்து, நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. 'பேப் ஐயாம் கான்னா லீவ் யூ' பாட்டை எழுதிய ஆன் பிரெடனின் பெயரும் அன்று உறையில் இல்லை, மரபுப் பாடல் என்றுதான் போட்டிருந்தார்கள். முதல் ஆல்பம் என்பது ஒருவர் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் இடம். அங்கே அடுத்தவருடைய முகத்தைத் தன் முகம் என்று காட்டினால் நான் எப்படி வாக்களிப்பேன்?

ஆறாம் தந்தி:
பெயர் போடாதது தவறு. அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் உங்கள் சபாத் ஆல்பத்திலும் இரவல் உண்டே. பிரிட்டன் பதிப்பில் 'ஈவில் வுமன்' குரோ என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டு. பத்து நிமிடம் நீள்கிற 'வார்னிங்' ஐன்ஸ்லி டன்பார் குழு முன்பே பாடியது.

கருப்பு இசைத்தட்டு:
உண்மைதான். இரண்டிலும் எழுதியவர்களின் பெயரைப் போட்டார்கள். நான் கேட்பது அதைத்தான்.

மெல்லிசைப் பித்தன்:
ஒரே நாள் என்பது பெருமையென்றால் அந்தப் பெருமை முதலில் பீட்டில்ஸுக்குச் சேர வேண்டும். 1963 பிப்ரவரி 11. 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' ஆல்பத்தின் பதினான்கு பாடல்களில் பத்து அன்று காலையில் தொடங்கி இரவுக்குள் பதிவானவை. ஜான் லெனனுக்கு அன்று கடுமையான ஜலதோஷம். பாலையும் மிட்டாய் மாத்திரையையும் வைத்துக்கொண்டு நாளை ஓட்டினார். தொண்டையைக் கிழிக்கும் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டை வேண்டுமென்றே கடைசிக்கு ஒதுக்கி வைத்தார்கள். ஒருமுறை பாடியதோடு குரல் போய்விட்டது. இரண்டாவது முயற்சி எடுபடவில்லை. நாம் அறுபது ஆண்டுகளாகக் கேட்பது அந்த ஒரே முறையை.

அதுவும் இரவல் பாட்டுதான். ஆனால் எழுத ஓர் ஆள், பாட ஓர் ஆள் என்று இருந்த காலத்தில், பதினான்கில் எட்டு அவர்களே எழுதியவை. பிரிட்டன் பட்டியலில் முப்பது வாரம் முதலிடம்.

நள்ளிரவு வானொலி:
அந்தக் குரல் முன்னால் தலைவணங்குகிறேன். ஆனால் இடையில் வருகிற சில மெல்லிய பாட்டுகளை நாம் இன்று கேட்பது பின்னால் பீட்டில்ஸ் என்ன ஆனார்கள் என்று தெரிந்ததால்தான். அந்த ஒரு ஆல்பத்தோடு அவர்கள் நின்றிருந்தால் இந்த விவாதத்தில் அவர்கள் பெயர் வந்திருக்குமா?

அலைவரிசை 7:
ஹெண்ட்ரிக்ஸை யாரும் சொல்லவில்லையே! 'ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்ட்', 1967 மே.

மெல்லிசைப் பித்தன்:
எந்தப் பதிப்பு? பிரிட்டனில் வந்ததில் 'பர்ப்பிள் ஹேஸ்' இல்லை, அமெரிக்காவில் வந்ததில் 'ரெட் ஹவுஸ்' இல்லை. இரண்டையும் சேர்த்துக் கணக்கில் எடுத்தால் எல்லோரும் தோற்றுவிடுவோம்.

இரண்டு நிமிடப் பாட்டு:
எனக்கு ரமோன்ஸ். 1976 ஏப்ரல். ஏழு நாள், 6,400 டாலர், பதினான்கு பாட்டு, மொத்தமும் அரை மணி நேரத்துக்குள். அமெரிக்கப் பட்டியலில் 111.

பள்ளிக்கூட நாளில் எனக்கும் அண்ணனுக்கும் சேர்த்து ஒரே இயர்போன். பஸ்ஸில் ஆளுக்கொரு காதாகப் பங்கிட்டுக்கொள்வோம். இந்த ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம் சண்டை வரும். "கிட்டார் எப்படிப் பறக்கிறது பார்" என்பேன். "கிட்டாரா? இதில் கிட்டாரே இல்லையே, பேஸ் மட்டும்தான் கேட்கிறது" என்பான் அண்ணன். பல மாதம் கழித்துத்தான் புரிந்தது, கிட்டாரை ஒரு காதிலும் பேஸை மறு காதிலும் பிரித்து வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். குரலும் டிரம்ஸும் நடுவில். அன்றிலிருந்து கிட்டார் பக்கத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் நான் வாசிப்பேன். அண்ணன் மறுபக்கத்தைக் கழற்றிவிட்டு பேஸ் வாசிப்பான். எங்களுக்கு வாத்தியார் கிடையாது. இந்த ஆல்பம்தான் பக்கத்தில் இடம்விட்டு "உட்கார்" என்று சொன்னது. செப்பெலினைக் கேட்டால் கிட்டாரைக் கீழே வைக்கத் தோன்றும். ரமோன்ஸைக் கேட்டால் எடுக்கத் தோன்றும்.

அடித்தள அறை:
எல்லோரும் அவசரத்தையும் காசில்லாமையையும் தவமாகப் பேசுகிறீர்கள். பொறுமைக்கு மதிப்பில்லையா? டாம் ஷோல்ஸ் போலராய்டு நிறுவனத்தில் எஞ்சினியர். பகலில் வேலை, இரவில் மாசசூசெட்ஸில் தன் வீட்டு அடித்தள அறையில் பல ஆண்டுகள் ஒவ்வொரு கிட்டாராக அடுக்கினார். 1976-ல் 'பாஸ்டன்' ஆல்பம் வந்தது. அமெரிக்காவில் மட்டும் 17 மில்லியன் பிரதிக்கான சான்று பெற்றது. ஒரு நாளில் செய்வது வீரம் என்றால், தூங்காத இரவுகளில் சிறுகச் சிறுகச் செய்வதும் வீரம்தான். பிராட் டெல்ப்பின் குரல் 'மோர் தேன் எ ஃபீலிங்' பாட்டில் மேலே ஏறி, அந்த உச்சியில் கிட்டாராகவே மாறிவிடும் இடத்துக்காக நான் எந்த ஆல்பத்தையும் விட்டுக்கொடுப்பேன்.

வெள்ளைச் சட்டை:
இவ்வளவு நேரமும் படித்தேன். மோரீன் டக்கர், நிக்கோ, ஆன் பிரெடன் மூவரும் தலைகாட்டினார்கள், மற்றபடி ஆண்களின் ஊர்வலம். பாடகி பேட்டி ஸ்மித்தின் 'ஹார்சஸ்' எங்கே? 1975. ஹெண்ட்ரிக்ஸ் கட்டிய எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவில் பதிவானது, தயாரித்தவர் மேலே பேசிய அதே ஜான் கேல். உறையில் மேப்பிள்தோர்ப் எடுத்த படம்: வெள்ளைச் சட்டை, தோளில் போட்ட கறுப்புக் கோட்டு, நேராகப் பார்க்கும் பார்வை. பெண் பாடகியின் ஆல்பம் என்றால் சிரித்த முகமும் அலங்காரமும் எதிர்பார்த்த காலத்தில் அந்தப் பார்வையே ஒரு பாட்டு.

நீங்கள் சண்டை போடும் இரவல் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. முதல் பாட்டு 'குளோரியா'. வான் மாரிசன் எழுதியது, அவர் பெயரும் உறையில் உண்டு. ஆனால் ஸ்மித் தன் கவிதை வரியோடு தொடங்குகிறார். யாரோ ஒருவரின் பாவங்களுக்காக இயேசு இறந்தார், என்னுடையதற்காக அல்ல என்று, பியானோ மெதுவாக நடக்க, அவசரமே இல்லாமல். அங்கிருந்து வேகம் ஏறி ஏறி, மாரிசனின் பல்லவி வந்து சேரும்போது அது முழுக்க அவருடைய பாட்டாகிவிடுகிறது. ஆண் பாடிய ஆசையை ஒரு பெண், 'அவள்' என்ற சொல்லை மாற்றாமல் பாடுகிறார். மூலத்தை மறைக்காமல் ஒரு பாட்டைச் சொந்தமாக்குவது எப்படி என்று பேஜ் இதிலிருந்து கற்றிருக்கலாம், ஆறு ஆண்டு முந்திவிட்டார்.

கருப்பு இசைத்தட்டு:
'குளோரியா'வை இப்போது இரண்டு முறை கேட்டேன். சபாத்தை நான் இறக்கமாட்டேன். ஆனால் என் பட்டியலில் இத்தனை நாளும் 'ஹார்சஸ்' இல்லாதது என் குறை. இன்றிலிருந்து அது இரண்டாவது.

ஆறாம் தந்தி:
ஒரு கேள்வி. ஜேக் ஹோம்ஸ் பாடிய அந்த மூலப் பாட்டை நான் கேட்டதே இல்லை. எந்த ஆல்பம்?

கருப்பு இசைத்தட்டு:
'தி அபவ் கிரவுண்ட் சவுண்ட் ஆஃப் ஜேக் ஹோம்ஸ்', 1967. அதுவும் ஒரு முதல் ஆல்பம்தான். டிரம்ஸ் கிடையாது, கவனித்துக் கேளுங்கள்.

ஆறாம் தந்தி:
கேட்டேன். விளக்கை அணைத்துவிட்டு முழுவதும் கேட்டேன். அந்த பேஸ் இறங்கி இறங்கி வருகிறதே, அது அப்படியே அங்கே இருக்கிறது. தலைப்பு இருக்கிறது, அந்தத் திகில் இருக்கிறது. பானமின் அடிக்குப் பழகிய என் கால், டிரம்ஸ் வராத இடங்களில் தானாகத் தரையைத் தட்டியது. என் வாக்கு இன்னும் செப்பெலினுக்குத்தான், ஏனென்றால் அந்த இடி அவர்களுடையது. ஆனால் நாளைக் காலையில் முதல் வேலையாக, என் அலமாரியில் இருக்கும் செப்பெலின் இசைத்தட்டின் உள்ளுறையில் அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஹோம்ஸின் பெயரை எழுதப்போகிறேன். ஆன் பிரெடனின் பெயரையும்.