'எடிட்டர்' என்பது சண்டை அரங்கத்துச் சொல்லா, புத்தகச் சொல்லா?

பிழைதிருத்தி: பழைய ரோமில் கிளாடியேட்டர் சண்டையைத் தன் செலவில் நடத்தியவருக்கு எடிட்டோர் என்று பெயர். தோற்றவனை விட்டுவிடுவதா கொல்வதா என்று கூட்டத்தின் கூச்சலைக் கேட்டு முடிவு சொன்னதும் அவர்தான். ஒரு பத்தியை வைப்பதா வெட்டுவதா என்று இன்றைய எடிட்டர் தீர்மானிப்பது அதே வேலைதான்.

வேர்தேடி: இல்லை நண்பரே. லத்தீனில் 'எக்ஸ்' வெளியே, 'தாரே' கொடுப்பது, இரண்டும் சேர்ந்து 'எடேரே'. பிள்ளை பெறுவது, நூலை வெளியிடுவது, சண்டைக் காட்சி நடத்துவது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வினைதான். காட்சியை ஊருக்குக் கொடுத்தவர் என்பதால் எடிட்டோர், கொல்லச் சொன்னதால் அல்ல. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் நூலை வெளியிடுபவர் என்றுதான் பொருள், 'எடிட்' என்ற வினையே அந்தப் பெயர்ச்சொல்லிலிருந்து பிற்பாடு வெட்டி எடுத்தது.

பிழைதிருத்தி: 'கொடுத்தவர்' என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். ரோமானிய சட்ட அறிஞர் காயுஸ், வீரர்களைத் தருபவருக்கும் காட்சி நடத்துபவருக்கும் இடையே ஓர் ஒப்பந்தத்தை உதாரணம் காட்டுகிறார்: வீரன் காயமில்லாமல் திரும்பினால் 20 தினாரி (ரோமானிய வெள்ளிக்காசு), செத்தாலோ ஊனமானாலோ 1000. ஒருவனைச் சாகவிட்டால் ஐம்பது மடங்கு காசு நடத்துபவர் தலையில் விழும், அப்புறமும் அவர் வெறும் விழாக்காரர்தானா?

கோடைமழை: வேர்தேடி சொல்வதுதான் சரி. பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் இந்தச் சொல்லுக்கு இன்றைக்கும் பதிப்பாளர் என்றுதான் முதல் பொருள். பத்திரிகையில் எழுத்தைச் சீர்செய்பவருக்குப் பிரெஞ்சில் வேறு சொல், அதன் லத்தீன் வேர் 'ரெதிகேரே', அதாவது திருப்பி ஓட்டிவந்து ஒழுங்குக்குள் அடக்குவது.

வேர்தேடி: ஆமாம், ரோமானியர்களே திருத்துவதற்கு 'எமெந்தாரே' என்று தனிச்சொல் வைத்திருந்தார்கள், பிழையை வெளியேற்றுவது. கி.மு. 19இல் கவிஞர் வெர்ஜில் தன் 'ஈனியட்' காவியத்தை முடிக்காமல் இறந்தபோது, பேரரசர் அகஸ்டஸ் சொன்னதன்பேரில் வெர்ஜிலின் நண்பர்கள் வாரியுஸும் துக்காவும் அதைச் சரிபார்த்தார்கள். வேண்டாததை நீக்கலாம், எதையும் சேர்க்கக் கூடாது என்பது நிபந்தனை என்கிறார் பழைய உரைகாரர் செர்வியுஸ். அதனால்தான் ஐம்பதுக்கும் மேற்பட்ட அடிகள் இன்னும் பாதியிலேயே நிற்கின்றன. எடிட்டருக்கு முன்னோர் வேண்டுமென்றால் இந்த இரண்டு பேரைச் சொல்லுங்கள்.

பிழைதிருத்தி: அந்த அரையடிகளை அப்படியே விட்டதும் ஒரு தீர்ப்புதானே?

வேர்தேடி: தீர்ப்புதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த வேலைக்கு அவர்கள் காலத்துச் சொல் எமெந்தாரே. நூல் விஷயத்தில் எடேரே என்பது அதை வெளியே விட்டதற்கு மட்டும்.