புதுப்பிப்பு: படகின் ஆயில் பம்ப் மோட்டார் மாற்றப்பட்டது

கிருஷ்ணகிரி அணையில் ஓடும் எங்கள் டீசல் படகில், பழைய ஆயிலை உறிஞ்சி எடுக்கும் பம்பின் 12 வோல்ட் மோட்டார் எரிந்துவிட்டதென்றும், அந்த மாடலின் தயாரிப்பே நின்றுவிட்டதென்றும் முன்பு எழுதியிருந்தேன். இப்போது வேறு மோட்டாரைப் பொருத்திவிட்டோம். வோல்டேஜும் வேகமும் ஒத்திருந்தும், மோட்டாரைப் பம்புடன் இணைக்கும் கப்ளிங்குக்குப் புதிய மோட்டாரின் ஷாஃப்ட் (சுழல்தண்டு) மெல்லியதாக இருந்ததால், லேத் பட்டறையில் இடைவெளியை நிரப்பும் ஒரு புஷ் (குழல் வடிவ வளையம்) கடைந்து வாங்க வேண்டியிருந்தது. அச்சு மயிரிழை விலகினாலும் சீல் தேய்ந்து ஆயில் கசியும் என்பதால், இந்த வேலையில் அவசரப்படவே கூடாது. முதலில் மோட்டார் எதிர்த்திசையில் சுழன்றது. நிலைக்காந்த டிசி மோட்டார் என்பதால் இரு வயர்களையும் இடம் மாற்றியதும் சரியாயிற்று. இன்ஜினை 10 நிமிடம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்தியபின் இழுத்தபோது, ஆயில் தேங்கும் சம்ப்பின் அடியில் கை நுழையவும் இடமில்லாத அந்தப் படகிலிருந்து ஆயில் தங்குதடையின்றி வந்தது, மனத்துக்கு மிகுந்த நிறைவளித்தது. ஃபியூஸையும் புதிய மோட்டாரின் ஆம்பியருக்கேற்ப மாற்றியுள்ளேன்.