ஏரி தளும்பி நின்ற நாட்களில் உங்கள் மீன்பாடு எப்படி இருந்தது? அனுபவங்களைச் சொல்லுங்கள்

தக்கை

மூன்று வருஷத்துக்கு முந்தைய அனுபவம் இது. பத்து வருஷமாக ஒரே ஏரியில்தான் தூண்டில் போடுகிறேன். எந்தப் பாறையோரம் கெண்டை மேயும், எந்தக் கோரைப்புதரில் விரால் ஒதுங்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி என்று நினைத்திருந்தேன். அந்த வருஷம் ஏரி தளும்பிவிட்டது. நான் உட்காரும் பாறை ஓர் ஆள் ஆழத்துக்கும் கீழே போய்விட்டது. கோரைப்புதர் இருந்த இடமே தெரியவில்லை. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தண்ணீர்தான்.

இவ்வளவு தண்ணீர் வந்தால் மீன் கொட்டும் என்றுதானே தோன்றும்? பதினைந்து நாள் விடிகாலையில் போய் வெறுங்கையோடு திரும்பினேன். தக்கை அசையவே இல்லை. ஆழத்தில் போட்டேன், இன்னும் ஆழத்தில் போட்டேன், இரையை மாற்றினேன். மீனெல்லாம் மறுகால் வழியாக வெளியேறிவிட்டது என்றே முடிவு கட்டினேன்.

பதினாறாம் நாள் கரையேறி நடக்கும்போது பின்னால் சளசளவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால், முந்தின மாதம் வரை செருப்புக் காலோடு நடந்த புல்தரை. முழங்கால் அளவு தண்ணீர்கூட இல்லை. அதில் பெரிய பெரிய கெண்டைகள், முதுகு வெளியே தெரிய, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருந்தன. குனிந்து உற்றுப் பார்த்தேன். முழுகாத புல் நுனிகளில் எல்லாம் எறும்பு கொத்துக் கொத்தாக ஏறி நின்றது. ஒரு வெட்டுக்கிளி பிடி நழுவி விழுந்தது, விழுந்த இடத்தில் வட்டம் போட்டது, அவ்வளவுதான். மண்ணுக்குள்ளிருந்து மண்புழு மேலே வந்து நெளிகிறது. நான் கொண்டுபோன இரையை யார் தேடப்போகிறார்கள்? ஏரியே அவற்றுக்குப் பந்தி விரித்திருந்தது.

மீன் எங்கேயும் போகவில்லை. கரை நகர்ந்தது, மீனும் கரையோடு நகர்ந்தது. நான்தான் பழைய கரையைப் பார்த்துத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ஆசை விடவில்லை. அந்தப் புல்லுக்குள்ளேயே முள்ளை இறக்கினேன். இரண்டு நிமிஷத்தில் ஒரு கனத்த மீன். தூக்கும்போதே வயிற்றிலிருந்து சினை வழிந்தது. கடுகு மாதிரி, வெளிர்மஞ்சளாக, விரல் இடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் அலசியும் போகவில்லை. புல்லில் ஒட்டிக்கொள்வதற்காகவே அது அப்படிப் பிசுபிசுப்பாக இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு பெரிய தாய் மீனுக்குள் இப்படி லட்சக்கணக்கில் இருக்கும். மெதுவாகத் தண்ணீரில் விட்டேன். அது புல்லைத் தள்ளிக்கொண்டு போன பிறகும் வெகுநேரம் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதன் பிறகு முழுகிய புல்லுக்குள் நான் தூண்டில் போட்டதில்லை.

உங்கள் ஏரிகளில் என்ன பார்த்தீர்கள்?

பரிசல்

அண்ணே, நீங்கள் தூண்டிலில் பட்டதை நாங்கள் வலையில் பட்டோம். எங்கள் வலையின் உயரம் இரண்டு மீட்டர். சாதாரணமாக ஏரியில் அவ்வளவுதான் தண்ணீர் இருக்கும், அதனால் வலை மேலிருந்து அடி வரை சுவர் மாதிரி நிற்கும். தண்ணீர் ஐந்து மீட்டருக்கு ஏறினால் அதே வலை பாதி உயரத்துக்குக்கூடக் காணாது. மேலே மிதக்கவிட்டால் மீன் அடியில் போகும், அடியில் இறக்கினால் தலைக்கு மேலே போகும். உள்ளே இருக்கிற மீன் அதேதான். அது உலாவ இடம் பல மடங்கு ஆகிவிட்டது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் பட்ட கஷ்டத்தை இங்கே எழுத மனசு வரவில்லை.

இன்னொரு தொல்லை, முழுகிய மரங்கள். வறண்ட காலத்தில் ஏரிக்குள் முளைத்த முள்மரம் எல்லாம் தண்ணீருக்குள் நிற்கும். வலை சிக்கினால் இழுக்கவும் முடியாது, விட்டுவரவும் மனசு வராது. மூன்று தடவை வலை கிழிந்தது. நான்காவது தடவை அவிழ்ப்பதற்காக இறங்கின என் மாமா, மண் எடுத்த பழைய குழியில் கால் வைத்துவிட்டார். பரிசலின் விளிம்பைப் பிடித்ததால் பிழைத்தார். ஏரி நிறைந்திருக்கும்போது பழகின தரை என்று நம்பித் தயவுசெய்து யாரும் இறங்காதீர்கள்.

ஆகாயத்தாமரையும் கரையிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும். 2020இல் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி வரலாறு காணாத மட்டத்துக்கு ஏறியபோது, செடியும் மண்ணுமாகப் பெயர்ந்த ஒரு மிதக்கும் திட்டு உகாண்டாவின் நீர்மின் நிலையத்தில் அடைத்து நாடே இருளில் மூழ்கியது. மின் நிலையத்துக்கே அந்தக் கதி என்றால் நம் நூல் வலை எம்மாத்திரம்!

கோரை

நான் பார்த்தது வேறு மாதிரி. தண்ணீர் ஏறின மூன்றாவது வாரம் அது டீ டிக்காஷன் நிறத்துக்கு மாறியது. முழுகிய புல்லும் இலையும் அழுக ஆரம்பித்தால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அந்த அழுகலே தின்றுவிடும். விடியும் நேரத்தில்தான் அது மிகவும் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் போனேன். கரை நெடுக மீன்கள் வாயை மேலே தூக்கி, பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. கையாலேயே அள்ளலாம். சிலர் கூடை கூடையாக அள்ளினார்கள். எனக்குக் கை வரவில்லை. விரால் மேலே வந்து காற்றைக் குடித்துத் தப்பித்துக்கொள்ளும். கெண்டைக்கு அந்த வசதி இல்லை.

மதகடி

எல்லாரும் தண்ணீர் ஏறியதைச் சொன்னீர்கள். நான் இறங்கியதைச் சொல்கிறேன், எனக்கு அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

ஒரு வருஷம் சினை விட்ட நாலைந்து நாளில் ஏரியைத் திறந்துவிட்டார்கள். ஒரே ராத்திரியில் முழங்கால் அளவு தண்ணீர் வடிந்துவிட்டது. காலையில் புல்லெல்லாம் வெளியே. புல் தாள்களில் ஒட்டிய முட்டைகள் வெயிலில் வெளுத்து, தொட்டால் உதிர்ந்தன. முன்பே பொரித்த குஞ்சுகள் மாட்டுக் குளம்படிப் பள்ளங்களில் சிக்கிக்கொண்டன. ஒரு குளம்படிக்குள் நாற்பது ஐம்பது இருக்கும், கண்ணும் வாலும் மட்டும். நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சொம்பால் மொண்டு மொண்டு ஏரியில் விட்டோம். மதியத்துக்குள் மீதிப் பள்ளங்கள் காய்ந்துவிட்டன.

கரை உடையும் ஆபத்து என்றால் திறக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மற்ற நேரங்களில் ஒரு நாளைக்கு நாலு விரல் கணக்கில் வடியவிட்டால் குஞ்சுகள் தண்ணீரோடு பின்வாங்கிக்கொள்ளும். கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியைப் பாருங்கள். மழைக்காலத்தில் மேகாங் ஆற்று வெள்ளம் உள்ளே திரும்பி, சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் ஏரி 10,000க்கும் மேல் விரிகிறது, காடே முழுகுகிறது. பிறகு மாதக்கணக்கில் வடிகிறது. லட்சக்கணக்கான பேர் அந்த மீனை நம்பி வாழ்கிறார்கள். வெள்ளம் குறைந்த வருஷங்களில்தான் அங்கே மீனுக்குத் திண்டாட்டம்.

பரிசல்

மதகடி ஐயா சொல்வது சரி. ஏரி நிறைந்த வருஷம் நாங்கள் பட்டினி, அடுத்த இரண்டு வருஷம் வலை கனத்தது. கனத்த வருஷத்தில் கடனை அடைத்தோம். நிறைந்த வருஷத்தைத் தாண்டுவதற்குத்தான் வழியில்லை. அந்தச் சில மாதங்களுக்கு ஏதாவது கை கொடுத்தால் முழுகிய புல்லுக்குள் யாரும் வலை போடமாட்டார்கள். எங்களுக்கும் தெரியும் அது எந்த இடம் என்று.

தக்கை

பரிசல் தம்பி, மாமாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? குழியைப் பற்றி எழுதியதற்கு நன்றி, நானும் அந்த மாதிரி எத்தனையோ இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கியிருக்கிறேன்.

என் ஏரியின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருஷம் தண்ணீர் பழைய மட்டத்துக்கு வந்தது. பாறை வெளியே தெரிந்தது, சேறு படிந்து, நான் உட்காரும் பள்ளத்தில் சிப்பி ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். முள் இறங்கின உடனே தக்கை முழுகியது. ஒரு சாண்கூட இல்லாத கெண்டை. கழற்றி விட்டேன். அடுத்ததும் அதே அளவு, அதற்கடுத்ததும் அதே அளவு. பொழுது சாய்வதற்குள் பதினேழு. ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.