கன்சோலுக்கு இணையான கணினி: வன்பொருள் தேர்வில் உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். விளையாட்டுக்கென்று கணினியின் பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பொருத்தலாமா, பிளேஸ்டேஷன் 5 போன்ற கன்சோலே போதுமா என்று முடிவெடுக்க உங்கள் அனுபவம் தேவைப்படுகிறது.

2020-இல் வெளிவந்த அந்தக் கன்சோலில் எட்டு கோர் கொண்ட ஏஎம்டி ஸென் 2 செயலியும் கிராபிக்ஸ் பகுதியும் ஒரே சிப்பில் அமைந்து, நொடிக்கு 448 ஜிபி வேகமுள்ள 16 ஜிபி நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. கணினியிலோ ராம் தனி, கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் தனி. இரண்டுக்கும் இடையே தரவு பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற இணைப்பு வழியாகவே போக வேண்டியிருப்பதால், வெறும் டெராஃபிளாப் (கணக்கீட்டு வேகத்தின் அளவு) எண்ணை வைத்து ஒப்பிடுவது சரியாகாது என்றே கருதுகிறேன். 8 ஜிபி கார்டு கன்சோலின் டெக்ஸ்சர் (பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) தரத்தைத் தாங்குமா, 12 ஜிபிக்குக் குறையாமல் வாங்க வேண்டுமா?

என்னை அதிகம் உறுத்துவது ஷேடர் (காட்சியை வரையக் கிராபிக்ஸ் பகுதியில் இயங்கும் சிறு நிரல்) பிரச்சினைதான். கன்சோலின் வன்பொருள் மாறாதது என்பதால் ஷேடர்களை முன்கூட்டியே கம்பைல் செய்து, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றி, விளையாட்டோடு தந்துவிட முடிகிறது. கணினியில் கார்டுக்கும் அதன் டிரைவர் மென்பொருளுக்கும் ஏற்ப அந்த வேலை நம்மிடமே நடப்பதால், ஒரு வெடிப்பு முதன்முறை திரையில் தோன்றும்போது சில விளையாட்டுகளில் காட்சி கணநேரம் திக்கி நிற்கிறது. வேகமான செயலி வாங்கினால் இது எந்த அளவுக்குக் குறையும்?

கன்சோலில் எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் சுருக்கி வைத்த தரவை விரிக்கத் தனிச் சுற்றே உண்டு. விண்டோஸில் தரவை வேகமாக ஏற்ற உதவும் டைரக்ட்ஸ்டோரேஜ் வசதி அதற்கு ஈடாகிறதா என்பதையும் பயன்படுத்தியவர்கள் சொன்னால் நல்லது. பதிலில் உங்கள் கார்டு, செயலி, திரையின் ரெசொல்யூஷன் ஆகியவற்றைக் குறிப்பிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.