டிவியில் வரும் பிள்ளை சொன்னால் அம்மா ஏன் அப்படியே நம்புகிறார்? (முகக் கிரீம் விஷயம்)

லயத்துப்பெண், சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் அம்மா முப்பது வருடம் பால்மரம் சீவியவர், காசின் அருமை தெரிந்தவர். பாசாரில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, அதற்கப்புறம்தான் விலையே கேட்பார். அப்படிப்பட்டவர் போன மாதம் டிக்டோக் லைவ்வில் நம் மலேசியத் தமிழ் நாடகங்களில் நடிக்கும் ஒரு பெண் "அம்மா, நானே இதைத்தான் பூசுகிறேன்" என்று சொன்னதைக் கேட்டு 89 வெள்ளி கொடுத்து ஒரு முகக் கிரீம் வாங்கிவிட்டார். வெள்ளை டப்பா, தங்க நிற மூடி. மூடியில் அந்தப் பெண்ணின் படம் இருக்கிறது. உள்ளே என்ன கலந்திருக்கிறது, யார் செய்தது என்று ஒரு வரிகூடக் கிடையாது.

பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆனது உண்மை. பக்கத்து வீட்டு அக்காக்கள் கேட்க, இரண்டு பேரை அம்மாவே வாங்க வைத்தார். மூன்றாவது வாரம் கன்னம் சிவந்து தோல் உரிய ஆரம்பித்தது. கிளினிக் டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். இவ்வளவுக்கும் பிறகு அம்மா, "அந்தப் பிள்ளை பொய் சொல்லாது, என் தோலுக்குத்தான் ஒத்துக்கல" என்கிறார். உங்கள் வீட்டிலும் இப்படியா? எப்படி எடுத்துச் சொல்வது?

மருந்துக்கடை_தம்பி

அக்கா, முதலில் அந்தக் கிரீமை யாரும் தொட வேண்டாம், டப்பாவைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஒரு வாரம் பத்து நாளில் வெளுப்பு தெரிந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் பாதரசம், இல்லாவிட்டால் ஹைட்ரோகுவினோன் என்ற, தோலை வெளுக்க வைக்கும் ரசாயனம். தோலின் நிறத்தைத் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது, அதனால்தான் பளிச்சென்று ஆகிறது. ஆனால் அது தோலோடு நிற்காது, உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசியவர் கையிலிருந்தும் துண்டிலிருந்தும் வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒட்டும். கேரளாவில் மலப்புறம் பக்கம் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களைத் துருவிக் கேட்டபோது பலர் வெளுப்புக் கிரீம் பூசியது தெரியவந்தது, அதை டாக்டர்கள் ஆய்வாகவே வெளியிட்டார்கள். அம்மாவிடம் இருப்பதில் என்ன இருக்கிறது என்று சோதித்தால்தான் தெரியும். டாக்டரிடம் சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள்.

இன்னொன்று. நம் நாட்டில் அழகுப் பொருள் எதுவானாலும் விற்பதற்கு முன், மருந்தையும் அழகுப் பொருளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.விடம் அறிவித்திருக்க வேண்டும். அவர்கள் இணையப் பக்கத்தில் பெயரை அடித்தால் இருக்கிறதா இல்லையா என்று வந்துவிடும். இருந்தாலும் அது சோதித்துக் கொடுத்த நற்சான்று ஆகாது, அறிவித்த பொருளிலேயே பிறகு பாதரசம் கண்டுபிடித்து ரத்து செய்திருக்கிறார்கள். ஆனால் பெயரே இல்லை என்றால் வாங்கவே கூடாது.

முறுக்குக்காரர்

சகோதரி, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் எல்லாரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். என் மனைவி வீட்டில் முறுக்கு சுடுகிறார், எங்களுக்குக் கடை கிடையாது. போன தீபாவளிக்கு எங்கள் தாமானிலேயே இருக்கும் ஒரு பெண், சில ஆயிரம் பேர்தான் அவளைப் பார்ப்பார்கள், கேமரா முன்னால் சாப்பிட்டுவிட்டு "உப்பு ஒரு சிட்டிகை தூக்கல், ஆனால் மொறுமொறுப்பு நல்லா இருக்கு" என்று சொன்னாள். வீடியோவுக்கு நாங்கள் காசு கொடுத்ததையும் அதிலேயே சொல்லிவிட்டாள். உப்பைப் பற்றிச் சொன்னதற்கு என் மனைவி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அப்புறம் பார்த்தால் ஆர்டர் சமாளிக்க முடியவில்லை. குறையையும் சொன்னதால் நம்பி வாங்கியதாகப் பலர் எழுதினார்கள்.

காசு வாங்கிப் பேசினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஒளிபரப்புக்கும் இணையத்துக்குமான நம் நாட்டின் 2022 உள்ளடக்க நெறிமுறையிலேயே இருக்கிறது. உங்கள் அம்மா பார்த்த லைவ்வில் அந்தப் பெண் அப்படி ஏதாவது சொன்னாரா?

ஓய்வு_ஆசிரியர்

மகளே, அம்மாவைக் குறை சொல்லாதே. ராத்திரி தனியாகப் படுத்திருக்கும்போது கைப்பேசியில் ஒரு முகம் "அம்மா" என்று கூப்பிட்டால் மனம் இளகத்தான் செய்யும். அந்தப் பிள்ளையை அவர் தினமும் எட்டரை மணிக்குப் பார்க்கிறார், சொந்தப் பேரப்பிள்ளைகளை வருடத்தில் இரண்டு தடவைதான் பார்க்கிறார். விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நம்மவர்களின் நிறத்தைக் குறையாகக் காட்டித்தானே இந்தப் பண்டமே விற்கிறது, எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். நடிகை சாய் பல்லவி பெருந்தொகை கொடுத்தும் வெளுப்புக் கிரீம் விளம்பரத்தில் நடிக்க மறுத்தார். அதை அம்மாவிடம் சொல்லிப் பார், நடிகை சொன்னால் கேட்பார்.

காசை விடாதே. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனு போடலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. ஆர்டர் பக்கம், பணம் போன ரசீது, பார்சலில் ஒட்டிய முகவரித் தாள், முகத்தின் படம் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

லயத்துப்பெண், சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் நன்றி. முறுக்குக்கார அண்ணா, அந்த லைவ் பதிவைத் திரும்ப முழுவதும் பார்த்தேன், காசு வாங்கியதாக ஒரு வார்த்தை இல்லை. பெயரை அடித்துப் பார்த்தோம், பட்டியலிலும் இல்லை. மருந்துக்கடைத் தம்பி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், குழந்தைகளுக்கும் ஒட்டும் என்ற இடத்தில் பேச்சே வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒருவருக்குக் கைக்குழந்தை இருக்கிறது.

தோல் உரிந்த முகத்தோடு, முக்காடுகூடப் போடாமல், அம்மா அப்போதே இரண்டு வீட்டுக்கும் போனார். "நான் சொல்லித்தானே வாங்கினீங்க" என்று சொல்லி டப்பாக்களை வாங்கி வந்துவிட்டார். ஒன்று பாதி காலி, இன்னொன்று இன்னும் பிரிக்கவே இல்லை. மூன்றையும் பையில் கட்டி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை டாக்டரைப் பார்த்துவிட்டு, அந்த அக்காவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு, அப்படியே புகார் கொடுக்க ஈப்போ போகிறோம்.