முடவாட்டுக்கால் பெரணி: இலை கொட்டியதும் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள்

மாமரத்தடியில் எதை வைத்தாலும் வரவில்லை என்று மூன்று வருடம் மல்லுக்கட்டினேன். வெயில் எட்டியே பார்க்காத இடம், மேல்மண் முழுக்க மரத்தின் வேர், ஊற்றுகிற தண்ணீரையும் மரமே குடித்துவிடும். நிழலில் வருகிற செடிகள் ஈரம் கேட்டன, வறட்சி தாங்குகிற செடிகள் வெயில் கேட்டன. இரண்டுக்கும் நடுவில் நம் மண்ணுக்குரிய செடியாக ஒன்று வேண்டும் என்று அலைந்தபோதுதான் முடவாட்டுக்கால் நினைவுக்கு வந்தது.

கொல்லிமலையில் சாலையோரம் கூறு கட்டி வைத்து, சூப்புக்கு என்று விற்கிறார்களே, அதேதான். கிழங்கு என்று சொல்கிறோமே தவிர அது மண்ணுக்குள் விளைவதில்லை. பாறை மேலும் மரத்தின் மேலும் ஊர்ந்து போகிற ஒரு பெரணியின் தண்டு அது. மேலே செம்பழுப்பாக ரோமம் போல செதில் மூடியிருக்கும், தடவிப் பார்த்தால் ஆட்டுக்கால் என்று ஏன் சொன்னார்கள் என்பது புரிந்துவிடும். தாவரவியலில் டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்பார்கள்.

முதலில் கிடைத்த துண்டை நான்தான் சாகடித்தேன். இஞ்சி நடுவது போல நாலு விரல் ஆழத்தில் புதைத்தேன், பெரணி என்றாலே ஈரம் கேட்கும் என்று நினைத்து தினமும் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாவது வாரம் தோண்டிப் பார்த்தால் மேல்தோல் முழுசாக இருக்கிறது, அழுத்தினால் உள்ளே கூழ். தண்டைச் சுற்றிக் காற்று ஓட வேண்டிய செடியை மண்ணைப் போட்டு மூடினால் வேறென்ன ஆகும்.

இரண்டாவது துண்டு, வெட்டிப் போட்டிருந்த ஒரு பழைய மரத்தின் கிளையிலிருந்து எடுத்தது. ஒரு முழம் இருக்கும், இரண்டு நுனி. இந்தத் தடவை மண்ணே இல்லை. மாமரம் கவையாகப் பிரிகிற இடத்தில் தேங்காய் நாரை ஒரு கைப்பிடி வைத்து, அதன் மேல் தண்டைக் கிடத்தி, கயிற்றால் இறுக்கமில்லாமல் கட்டினேன். வேர் பட்டையைப் பிடிக்கும் வரை வாரத்துக்கு இரண்டு தடவை நனைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

இதில் இரண்டு விதமான இலை வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. முதலில் வந்தது காம்பில்லாமல், உள்ளங்கை அகலத்தில், தண்டை அணைத்தபடி நின்றது. கொஞ்ச நாள்தான் பச்சை, அப்புறம் பழுப்பாகி மொடமொடவென்று காய்ந்துவிட்டது. நோய் என்று நினைத்து ஒன்றைப் பிய்த்தும் விட்டேன். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள், அந்தக் காய்ந்த இலைதான் செடியின் உரக்குழி. மேலிருந்து விழுகிற சருகு, தூசி, மழைத்தண்ணீர் எல்லாம் அதற்குள் தங்கி மக்கி, அங்கேயே வேர் இறங்குகிறது. ஒரு நாள் டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். பாதி மக்கிய மாவிலை, அதன் அடியில் காப்பித்தூள் மாதிரி கறுப்பாக மண், அதைப் பின்னிக்கொண்டு நூல் நூலாகப் பழுப்பு வேர், ஓரத்தில் ஒரு மரவட்டை சுருண்டு கிடந்தது. நான் ஒரு பிடி உரம்கூடப் போடவில்லை. நீண்ட காம்போடு, ஆழமாக வெட்டுப்பட்டு வருகிற பச்சை இலைகள் அதற்கு அப்புறம்தான் வந்தன.

பிறகு கோடை. பச்சை இலையின் மடல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து நடுநரம்பு மட்டும் ஈர்க்குச்சி போல நட்டுக்கொண்டு நின்றது. செத்துப்போச்சு, பிடுங்கிப் போடு என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், எனக்கும் மனசு விட்டுப்போனது. கடைசியாக ஒரு தடவை தண்டை அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே வெளிர்பச்சை. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், இரண்டு மாதம் தண்ணீரும் காட்டவில்லை. இரண்டு நல்ல மழை பெய்து ஒரு வாரம் போயிருக்கும், தண்டின் நுனியில் புதுச் செதில் பளபளக்க, அதை ஒட்டி ஒரு சுருள் தலை நீட்டியிருந்தது. அன்று காலையில் நான் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை. இப்போது இலைகள் கை நீளத்துக்கு வருகின்றன, ஒவ்வொரு கோடையிலும் கொட்டுகின்றன, நான் பயப்படுவதில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நடுவதற்காக மலையில் விற்பதை வாங்காதீர்கள். அது பாறையிலிருந்து பெயர்த்தெடுத்தது, அந்த இடம் மறுபடி மூட எத்தனையோ மழைக்காலம் ஆகும். வளர்ப்பவர்களிடம் நுனியோடு ஒரு துண்டு கேளுங்கள்.

* * *

அக்கா, எனக்கு இதே மாதிரி மயில்சிகை என்கிற பெரணியோடு ஓர் அனுபவம். குட்டிப் பனையோலை விசிறி போல இலை, உயரம் ஒரு சாண்கூட இருக்காது. எங்கள் பழைய கிணற்றின் உள்சுவரில் கல் இடுக்கில் தானாக வந்தது. கோடையில் இலையெல்லாம் மூடிய கைவிரல் மாதிரி சுருண்டு, தொட்டால் நொறுங்கும் போல ஆகிவிடும். முதல் மழை நனைத்ததும் திரும்ப விரிந்து பச்சையாகிவிடுகிறது! உங்களுடையது இலையை உதறிவிட்டு உயிரைத் தண்டில் வைத்துக்கொள்கிறது, இது இலையையே காயவிட்டு மீண்டும் எழுப்புகிறது.

ஆசைப்பட்டு அதைப் பெயர்த்துத் தொட்டியில் வைத்தேன், பிழைக்கவில்லை. வேர் இடுக்குக்குள் எவ்வளவு தூரம் போயிருந்தது என்று பெயர்த்த பிறகுதான் தெரிந்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அப்புறம் வேறு வழி யோசித்தேன். இலையின் அடியிலிருந்து உதிரும் பழுப்பு வித்துத் தூளை ஒரு காகிதத்தில் தட்டி, நனைத்த செங்கல்லில் தூவி, கண்ணாடி போட்டு மூடி நிழலில் வைத்தேன். முதலில் பாசி மாதிரி ஒரு பச்சை, பிறகு இதய வடிவத்தில் துளித்துளியாக. அந்த நிலையில் ஆணணு தண்ணீரில் நீந்திப் போய்த்தான் கருமுட்டையைச் சேர வேண்டும், அதனால் எவ்வளவு வறட்சி தாங்குகிற பெரணியானாலும் குழந்தைப் பருவத்தில் ஈரம் விடவே கூடாது. ஏழு நாற்று தேறியிருக்கிறது.

* * *

அக்கா, முடவாட்டுக்காலுக்கு நான் மருந்தடித்துக் கெடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இலையின் அடியில் பழுப்புப் பொட்டுகளைப் பார்த்துவிட்டு செதில்பூச்சி என்று நினைத்து அடித்தேன், இளந்தளிர் எல்லாம் கருகிவிட்டது. அவை வித்துப்பொட்டுகள், பெரணியின் வித்துத் தூள் உண்டாகிற இடம். நரம்புகளுக்கு நடுவே வரிசை பிடித்து ஒரே சீராக இருந்தால் அது செடியுடையது. இங்கொன்றும் அங்கொன்றுமாக, காம்பிலும் ஒட்டிக்கொண்டு, நகத்தால் தள்ளினால் முழுசாகப் பெயர்ந்து வந்தால்தான் பூச்சி. அதற்கும் மருந்து வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

அக்கா, மரத்தில் கட்ட வசதியில்லாதவர்கள் தரையில் வைக்கலாமா?

* * *

வைக்கலாம் தம்பி, ஆனால் மண்ணில் வேண்டாம். உடைந்த செங்கல், கரித்துண்டு, தேங்காய் மட்டை மூன்றையும் குவித்து அதன் மேல் கிடத்துங்கள். தண்டின் முதுகு வெளியே தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் வடக்குப் பக்கச் சுவரோரம் அப்படி ஒன்று வைத்திருக்கிறேன், போன மழைக்காலத்தில் அது பக்கத்தில் கிடந்த அம்மிக்கல் மேலேயே ஏறத் தொடங்கிவிட்டது.