காசு வாங்கவில்லை என்றால் அந்தத் தட்டு எதற்கு?

உப்புவெளியான்:
நேற்று நிலாவெளிப் பிள்ளை இங்கே எழுதியிருந்தார், குடியைத் தனியாக விடுவது நடக்கிற காரியம் இல்லையாம், குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடும் அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் கூட்டத்துக்கு வரட்டுமாம், இலவசமாம். நான் பத்திரகாளி அம்மன் முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணி விட்டவன். எந்தக் கூட்டமும் என்னைத் தாங்கிப் பிடிக்கவில்லை. சரி, அதை விடுவோம். கூட்டத்தில் ஒரு தட்டுச் சுற்றி வருமாம், ஆளாளுக்குக் காசு போடுவார்களாம். இலவசத்துக்கு ஏன் தட்டு?

நிலாவெளிப் பிள்ளை:
அண்ணை, "என்னால் தனியாக முடியவில்லை" என்றுதான் எழுதினேன். மேலே போய்ப் பாருங்கள். அது தட்டும் இல்லை, பிஸ்கட் பேணியின் மூடி. தேயிலைக்கும் சீனிக்கும். விரும்பினால் போடலாம், போடாமலும் இருக்கலாம். அல்கஹோலிக்ஸ் அனொனிமஸில் சந்தா கிடையாது, குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே போதும். வெளியார் நன்கொடை தந்தாலும் வாங்க மாட்டார்கள்.

உப்புவெளியான்:
மூடியோ தட்டோ, காசு விழுகிறதா இல்லையா?

தம்பலகாமத்தான்:
நீங்கள் சத்தியம் பண்ணின கோயிலில் உண்டியல் இல்லையோ?

உப்புவெளியான்:
அம்மனை இதற்குள் இழுக்காதே தம்பி. கேட்டது தட்டைப் பற்றி.

தம்பலகாமத்தான்:
சும்மா கதைக்க முதல் கொஞ்சம் படியுங்கள். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் ஒரு பங்குத் தரகரும் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரும், இரண்டு பேருமே குடியில் அழிந்தவர்கள், ஆளுக்காள் பேசிப் பேசித் தொடங்கியது இது. பிறகு பெரும் பணக்காரர் ராக்பெல்லரிடம் பெரிய தொகை கேட்டுப் போனார்கள். காசு இதைக் கெடுத்துவிடும் என்று அவர் 1938இல் 5,000 டொலரோடு நிறுத்திக்கொண்டார்.

உப்புவெளியான்:
ஆக, ராக்பெல்லர் காசு! வெளியார் காசு வாங்க மாட்டோம் என்று மேலே ஒருவர் எழுதினாரே, அவர் எங்கே?

நிலாவெளிப் பிள்ளை:
அந்தக் கட்டுப்பாடு பிறகு வந்தது அண்ணை. நான் கொழும்பில் வேலை செய்த காலத்தில் முதல் தடவை போனேன். போயாவுக்குக் கடை பூட்டு என்று முதல் நாளே வாங்கி அரிசி வாளிக்குள் புதைத்து வைத்ததைச் சொன்னேன். வீட்டில் சொன்னால் அழுகைதான் வரும். அங்கே எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் கழிவறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தவராம். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது. இப்போது இங்கேயும் நாலைந்து பேர் ஒரு வீட்டில் கூடுகிறோம். புதிதாக வருகிறவருக்குக் கை நடுங்கும், அதனால் பிளேன்டீ அரைக் கோப்பைதான் ஊற்றுவோம். சிந்தினால் அவருக்கு வெட்கம். சாராயக் கடைக்கு முன்னால் நின்று பின்னேரம் கோல் எடுத்தால் ஒருவராவது தூக்குவார்.

உப்புவெளியான்:
வீட்டில் கூடுகிறீர்கள், மண்டப வாடகையும் இல்லை. அப்ப மூடி எதற்கு?

வாட்டில் வேலை:
ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். நாள் கணக்காக நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியும், உயிரே போகலாம். சத்தியம் பண்ணினாலும் கூட்டத்துக்குப் போனாலும் முதலில் வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

உப்புவெளியான்:
எனக்கு ஒரு வலிப்பும் வரவில்லை.

வாட்டில் வேலை:
உங்களைப் பற்றி யார் கேட்டது?

கிண்ணியா நானா:
ரெண்டு பக்கமும் சாராயத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள். எங்கட பக்கம் பிள்ளைகள் ஐஸ் என்ற போதைப்பொருளில் போகுதுகள். அதுகளுக்கு என்ன கூட்டம் இருக்கு?

தம்பலகாமத்தான்:
நானா, போதைப்பொருளுக்கு நார்கோட்டிக்ஸ் அனொனிமஸ் என்று தனியாக இருக்கிறது, 1953இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. உப்புவெளியாருக்கும் ஒன்று: 2020இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கொக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை எடுத்துப் பார்த்தது. இந்தக் கூட்டங்களின் பன்னிரண்டு படி வழிக்கு முறையாக அனுப்பப்பட்டவர்களில் முழுக்க விட்டு நின்றவர்கள் மற்றச் சிகிச்சைகளுக்குப் போனவர்களைவிடக் கூடுதல்.

உப்புவெளியான்:
அந்த 10,565 பேரில் தட்டில் காசு போட்டது எத்தனை பேர்? அதைச் சொல்லவில்லையே!

கிண்ணியா நானா:
நான் கேட்டது கிண்ணியாவில். கலிபோர்னியாவுக்கு எந்த பஸ்?

தம்பலகாமத்தான்:
உப்புவெளியாரே, காசுக் கணக்குக் கேட்க உங்களுக்கு வாய் இருக்கிறதா? கழகத்துக்கு ஜேர்சி அடிக்கவென்று வாங்கின காசு எங்கே?

உப்புவெளியான்:
ஜேர்சி வந்தது. நீ விளையாட வராததற்கு நான் என்ன செய்ய?

தம்பலகாமத்தான்:
வந்தது பாதிப் பேருக்கு. அதிலும் என்னுடைய பெயரைப் பிழையாக அடித்து.

நிலாவெளிப் பிள்ளை:
கழகக் கதையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்களேன். நானா, எனக்குத் தனியாக எழுதுங்கள், தெரிந்த ஒருவரோடு கதைத்துப் பார்க்கிறேன்.

உப்புவெளியான்:
தனியாக ஏன்? காசு விசயம் என்பதாலோ? தம்பலகாமத்தாருக்கு: பில் பத்திரமாக இருக்கிறது, திங்கட்கிழமை போடுகிறேன்.

தம்பலகாமத்தான்:
போன வருசமும் திங்கட்கிழமை என்றுதான் சொன்னீர்கள்.